புரவலர், ஆண்டை, உபயதாரர்: ஓர் ஆங்கிலச் சொல்லும் காவிரிக் கரையின் பல சொற்களும்

நீங்கள் கேட்டிருப்பது இது. மன்னார்குடிப் பக்கத்து நாகசுவர மரபைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ‘பேட்ரனேஜ்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அகராதியைத் திறந்தால் ஆதரவு, புரவலர் தன்மை, பரிபாலனம், நியமன உரிமை என்று நான்கைந்து சொற்கள் கிடைக்கின்றன. எதை எடுத்து வைத்தாலும் இரண்டு வரி தாண்டுவதற்குள் இடறுகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குச் சரியான தமிழ் எது என்கிறீர்கள். உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். அரசன், கோயில், மடம், மிராசுதார், சபா என்று ஒருவர் பின் ஒருவராக ஒரு கலையைத் தாங்கியதை எல்லாம் ஆங்கிலம் ஒரே சொல்லில் அள்ளிவிடுகிறது, தமிழ் மட்டும் ஏன் அதற்கு இணங்க மறுக்கிறது என்பதே அதன் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

கும்பகோணம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான். விடுமுறை நாட்களில் கோயில் சுவர்களில் கல்வெட்டுப் படிக்கப் பழகிக்கொண்டேன். ஆகவே தமிழ்ப் பக்கத்தைப் பற்றிப் பழக்கத்தால் பேசுவேன். இலத்தீன் எனக்கு அகராதிகளின் வழியாகவே தெரியும். அந்தப் பகுதியில் எல்லோரும் ஒப்புக்கொண்டதைத் தாண்டிப் போகமாட்டேன்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் ஐயம் இல்லை. பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது அது. வேர் ‘பாத்தெர்’, அதாவது தந்தை. அதிலிருந்து ‘பத்ரோனுஸ்’: தந்தையின் இடத்தில் நிற்பவர். பழைய உரோமில் இது சட்டத்தில் இடம்பெற்ற சொல். அடிமையை விடுதலை செய்தவன், விடுதலைக்குப் பிறகும் அவனுக்குப் பத்ரோனுஸாகவே நீடித்தான். விடுபட்டவன் அவனுக்குச் சில கடமைகளைச் செய்தாக வேண்டும். அப்படி அண்டி நிற்பவர்களுக்குக் ‘கிளியென்ஸ்’ என்று பெயர். இன்று வக்கீல்கள் தங்கள் கட்சிக்காரரைக் குறிக்கும் ‘கிளையன்ட்’ அதன் வழித்தோன்றல். விடியற்காலையில் அவர்கள் பத்ரோனுஸின் வாசலில் வந்து நின்று வணக்கம் சொல்வார்கள். சிறு கூடையில் உணவோ, அதற்கு ஈடான காசோ பெற்றுக்கொண்டு போவார்கள். வழக்கு வந்தால் பத்ரோனுஸ் அவர்களுக்காகப் பேசுவார். தேர்தல் வந்தால் அவர்கள் அவருக்காகத் திரள்வார்கள். உரோமரின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், தன்னை அண்டியவனை வஞ்சிக்கும் பத்ரோனுஸ் சபிக்கப்பட்டவன் ஆகட்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அப்படி ஒரு விதியை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால் வஞ்சனை அரிதாக இருக்கவில்லை என்றே நான் படிக்கிறேன்.

பிறகு கிறித்தவம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஊரையும் தொழிலையும் காக்கும் புனிதர் பத்ரோனுஸ் ஆனார். தேவாலயத்துக்கு நிலமும் பொருளும் தந்த பிரபு, அங்கே எந்தக் குருவை அமர்த்துவது என்று பெயர் சொல்லும் உரிமையைப் பெற்றார். ஆங்கிலத்தில் ‘பேட்ரனேஜ்’ 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டியபோது அதன் பொருள் இந்த உரிமைதான். கலையை வளர்ப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. உங்கள் அகராதியில் ‘நியமன உரிமை’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருப்பதன் காரணம் இது. நம் கரையிலும் இதன் தடம் உண்டு. கிழக்கே தேவாலயங்களை நிறுவி ஆயர்களின் பெயரை முன்மொழியும் உரிமையைப் போர்ச்சுகல் அரசு பெற்றிருந்தது. அதற்குப் ‘பத்ரொவாதோ’ என்று பெயர், அதே வேர். மயிலை மறைமாவட்டம் அந்த உரிமையின் கீழ் நெடுங்காலம் இருந்தது. 1952இல் தஞ்சை மறைமாவட்டம் தனியே பிரியும் வரை வேளாங்கண்ணி மயிலையோடுதான் இருந்தது. அங்கே கத்தோலிக்கத் தமிழர்கள் ஒரு ஊரின் புனிதரைப் ‘பாதுகாவலர்’ என்கிறார்கள். புரவலர் என்று சொல்வதில்லை. அந்த வேறுபாட்டை அவர்கள் எந்த அகராதியையும் பார்த்துச் செய்யவில்லை.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேண்டியவர்களுக்குப் பதவி கொடுக்கும் அதிகாரம் என்பது ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியில் யார் எழுத்தராகக் கப்பலேறுவது என்பதை இயக்குநர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். 1853ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிறுத்திப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. தமிழில் இதற்குச் ‘சிபாரிசு’ என்ற பாரசீகச் சொல்லும் ‘செல்வாக்கு’ம் போதும். கடைக்கு வழக்கமாக வரும் வாடிக்கை என்பது இன்னொன்று; ‘தங்கள் நல்லாதரவை நாடும்’ என்று நம் கடைப் பலகைகள் எழுதுவது அதைத்தான். மேலிருந்து இரக்கத்தோடு பேசும் தோரணையும் அந்தச் சொல்லின் குடும்பத்தில் சேர்ந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் புரவலருக்குப் பொருள் எழுதும்போது, இறுமாப்போடு தாங்கி, முகத்துதியால் கூலி பெறும் ஈனன் என்ற கருத்தில் எழுதிவைத்தார். ஆதரவு தருவதாகப் பேர் பண்ணி அவரைக் காக்கவைத்த ஒரு பிரபுவின் வாசலில் பட்ட புண் அது. துணி வெட்டும் மாதிரியைக் குறிக்கும் ‘பேட்டர்ன்’ என்ற சொல்லும் இதே சொல்லின் மறுவடிவம்தான் என்பதை ஓர் ஆர்வத்துக்காகச் சொல்லிவைக்கிறேன். தந்தை மாதிரி, பிள்ளை நகல் என்ற எண்ணம்.

ஆக ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஒரு தந்தை உட்கார்ந்திருக்கிறார். அவர் காப்பார், ஊட்டுவார், வேலையில் அமர்த்துவார், அதட்டுவார். எல்லாம் ஒரே கை. தமிழில் அந்தத் தந்தை இல்லை. தமிழ்ச் சொற்களின் நடுவில் இருப்பவர்கள் எப்போதும் இருவர்.

‘புரவலர்’ என்ற சொல்லையே பாருங்கள். புரத்தல் என்றால் காத்தல், பேணுதல். இரத்தல் என்றால் கேட்டல். புரவலர், இரவலர். ஓர் எழுத்துத்தான் வேற்றுமை. கதவின் இரண்டு பலகைகள் போல ஒன்றில்லாமல் மற்றொன்று சாத்தாது. ‘இரவல்’ இன்றும் உயிரோடு இருக்கிறது: இரவல் புத்தகம், இரவல் நகை. ‘புரவல்’ தனியாக வழங்குவதில்லை. சொல்லை எங்கே பிரிப்பது என்பதில் இலக்கணம் படித்தவர்கள் ஒத்துப்போவதில்லை. எப்படிப் பிரித்தாலும் பொருள் மாறாது. சங்கப் பாட்டில் புரவலர் என்பது கலைக்குக் கொடுப்பவரை மட்டும் குறிக்கவில்லை, நாட்டைக் காக்கும் அரசனையும் குறித்தது. குறளில் வரும் ‘புரந்தார்’ வீரனைச் சோறிட்டுக் காத்த தலைவன். அவன் கண்ணில் நீர் மல்கும்படி சாக முடிந்தால் அந்தச் சாவை இரந்தாவது பெறலாம் என்கிறது 780ஆம் குறள். அங்கேயும் புரத்தலுக்கு எதிரே இரத்தல் வந்து நிற்கிறது.

இரவலர் என்றால் கையேந்தி நிற்பவர் என்று இன்றைய காதுக்குக் கேட்கும். அன்றைய புலவர் அப்படி நின்றதாகத் தெரியவில்லை. பெருஞ்சித்திரனார் என்ற சங்கப் புலவர் இளவெளிமான் என்ற சிற்றரசனிடம் போனார். அவன் தகுதியில்லாமல் சிறிது கொடுத்தான். வாங்காமல் வெளியேறிக் குமணன் என்ற வள்ளலிடம் போய் யானையைப் பரிசிலாகப் பெற்றார். திரும்பி வந்து இளவெளிமானின் காவல் மரத்தில் அந்த யானையைக் கட்டிவிட்டு, ‘இரவலர் புரவலை நீயும் அல்லை, புரவலர் இரவலர்க்கு இல்லையும் அல்லர்’ என்று பாடினார். இரப்பவரைக் காப்பவன் நீ அல்லன், அதற்காக இரப்பவருக்குக் காப்பவர் இல்லாமலும் போய்விடவில்லை. புறநானூற்றில் 162ஆம் பாட்டு. அதே புலவர் அதியமானிடம் போனபோது, அவன் இவரைப் பார்க்காமலேயே பொருளை அனுப்பிவைத்தான். ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று மறுத்தார். முகம் பார்க்காமல் அனுப்பிய பொருள் கூலி, என் கல்வியின் அளவை அறிந்து தினையளவு தந்தாலும் அதுதான் பரிசில் என்பது அவர் கட்சி. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் தடுக்கும். இவ்வளவு கூர்மையாகத் தன் மதிப்பை அளந்து வைத்திருந்தவரை ‘ஆதரவு பெற்றவர்’ என்று எழுத என்னால் முடியாது.

காவிரிக் கரையில் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பொருநராற்றுப்படை என்ற சங்கப் பாட்டில் சோழன் கரிகாலன் பொருநன் என்ற கலைஞனுக்கு நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேரைத் தந்து, அவன் பின்னால் ஏழடி நடந்து சென்று ஏற்றிவிடுகிறான். கொடுத்தவன் பின்னால் நடக்கிறான், பெற்றவன் தேரில் நிற்கிறான். கவிமரபு கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கும். உண்மையில் ஒவ்வொரு பாணனும் தேரில் போயிருக்கமாட்டான், பசியோடு போனவர்கள்தான் அதிகம் என்று அந்தப் பாட்டுகளே சொல்கின்றன. ஆனால் புரவலர் என்ற சொல்லுக்கு எந்த நடத்தையை அன்றைய சமூகம் எதிர்பார்த்தது என்பதில் ஐயம் இல்லை.

தமிழ் இலக்கணம் இதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பொருளைக் கேட்பதற்கு மூன்று வினைகளைச் சொல்கிறது தொல்காப்பியம்: தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். கைமாறுவது ஒரே பொருள். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து வினை மாறிவிடுகிறது. பின்னாளில் இந்த வரையறை தளர்ந்துவிட்டது, நாம் மூன்றையும் கலந்தே பேசுகிறோம். அந்தக் காது மட்டும் தளரவில்லை. உங்கள் மொழிபெயர்ப்பில் வரிக்கு வரி இடறுவது அந்தக் காதுதான் என்று நினைக்கிறேன்.

சோழர் காலத்துக்கு வந்தால் எதிரே நிற்பவர் மாறிவிடுகிறார். இப்போது கொடை கோயிலுக்குப் போகிறது. கலைஞர் கோயில் வழியாகப் பெறுகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொன்னான். தன் பெயரோடு பிறர் கொடுத்ததையும் ஒரே சுவரில் எழுதச் சொன்ன அந்த வரியை முதன்முதலில் விரலால் தடவிப் படித்த நாள் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கோயிலைச் சுற்றி கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கும் ஒதுக்கினார்கள். இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் இராசராசேசுவர நாடகம் ஆடும் சாந்திக் கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று கல்வெட்டு பேசுகிறது. இங்கே சொல் ‘நிவந்தம்’, ‘காணி’, ‘பங்கு’. பரிசில் என்ற சொல் காணாமல் போய்விட்டது. பரிசில் ஒரு சந்திப்பில் முடிவது. காணி தலைமுறைக்கு ஓடுவது. பாடியதற்காகப் பெறுவதிலிருந்து பாட வேண்டும் என்பதற்காகப் பெறுவதாக உறவு மாறியிருக்கிறது. கலைஞருக்குச் சோறு உறுதியானது, யானையைக் கொண்டுபோய் மரத்தில் கட்டும் உரிமை போனது. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் இரண்டாவது ஏற்பாடு இல்லாமல் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகள் இசை தொடர்ந்திருக்காது.

அந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமாக இயங்கியது என்பதற்கு ஒரு விளக்கே போதும். கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க ஒருவர் 96 ஆடுகளைத் தருவார். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழமாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு 96 என்ற கணக்கை அவர் எப்போதும் நிறைவாக வைத்திருக்க வேண்டும். கல்வெட்டு அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கும். விடியற்காலையில் நெய் சுமந்தவரின் உழைப்பு அந்தப் பெயருக்குள் மறைந்திருக்கும். உங்கள் கட்டுரை ‘கோயில் பேட்ரனேஜ்’ என்று ஒரு சொல்லில் கடக்கும் இடத்தில் கொடுத்தவர், பெற்றுச் சுமந்தவர், பயன்பட்டவர் என்று மூன்று பேர் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஐயத்தையும் சொல்ல வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் ‘புரவு’ என்பது நிலவரியைக் குறிக்கும்; ‘புரவுவரித் திணைக்களம்’ என்றே ஓர் அலுவலகம் இருந்தது. காத்தலைக் குறிக்கும் புரவும் வரியைக் குறிக்கும் புரவும் ஒரே வேர் என்றால், காப்பதற்கு விலை வாங்கினார்கள் என்ற வரலாறே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அழகான முடிவு. அழகாக இருக்கிறது என்பதாலேயே நான் அதைச் சந்தேகிக்கிறேன். இடமிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். அடிக்குறிப்பில் வைத்தால் இன்னும் நல்லது.

தேரழுந்தூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் கம்பர், தன்னைத் தாங்கிய வெண்ணெய்நல்லூர்ச் சடையனைத் தன் காவியத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். இராமனுக்கு முடிசூட்டும் இடத்தில் சடையனின் முன்னோர் எடுத்துக் கொடுக்க, வசிட்டன் வாங்கிப் புனைகிறான். ஆயிரம் பாட்டுக்கு ஒரு பாட்டில் சடையன் பெயர் என்ற கணக்கு, அரசவையில் நடந்த விவாதம் என்று ஊரில் உலவும் கதைகளுக்குச் சான்று கிடையாது; முடிசூட்டுப் பாட்டு மட்டும் கண்முன் இருக்கிறது. கலைஞனும் திருப்பிக் கொடுத்தான், காலத்தைக் கொடுத்தான் என்று நான் அதைப் படிக்கிறேன்.

தஞ்சை மராட்டியர் காலம் உங்கள் கட்டுரைக்கு நெருக்கமானது. இரண்டாம் சரபோசி 1798 முதல் 1832 வரை இருந்தார். சரசுவதி மகால் நூலகம் இன்றைய உருவைப் பெற்றதும், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர், இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிர்க் கச்சேரிக்கு ஒழுங்கு செய்து தந்ததும் அவர் நாளில்தான். ஆனால் 1799 உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் பெற்று வாழ்ந்தவர் அவர். கலைஞர்களுக்குப் புரவலர், கம்பெனிக்கு எதிரே அவரே கைநீட்டும் இடத்தில் இருந்தார். 1855இல் வாரிசில்லாமல் அரசு முடிந்ததும் அந்தக் குளம் வற்றியது. கலைஞர்கள் பலர் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும், பின்னர் சென்னைச் சபாக்களுக்கும் போனார்கள். சரபோசியின் காலத்தில் திருவையாற்றில் தியாகராசர் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். அரசவையின் அழைப்பை அவர் மறுத்தார் என்பது மரபு. செல்வம் சுகமா, இறைவனின் சந்நிதி சுகமா என்று கேட்கும் அவருடைய பாட்டு மட்டும் ஐயமில்லாமல் நம் கையில் இருக்கிறது. வீடு வீடாகப் பாடிப் பிடி அரிசி பெற்றவரை, அந்தத் தெரு முழுவதும் சேர்ந்து புரந்தது என்று சொன்னால் தவறாகாது.

அரசர் போன இடத்தில் மடங்களும் மிராசுதார்களும் வந்தார்கள். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆதீன வித்துவானாக இருந்தார். அவரிடம் படித்த உ. வே. சாமிநாதையரை மடத்தின் தலைவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் தாங்கினார். ஆனால் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடும்போது ஐயர் பலரிடம் ‘கையொப்பம்’ வாங்கினார். நூல் வரும் முன்பே இவ்வளவு தருகிறேன் என்று கையெழுத்துப் போடுவதற்கு அந்தப் பெயர். ஒரு புரவலரின் இடத்தில் ஒரு பட்டியல் வந்துவிட்டது. சங்கப் பாட்டை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பணியில் பாதி அந்தப் பட்டியலின் தோளில் நின்றது. இந்தச் சொல்லை மீட்டெடுத்து உங்கள் கட்டுரையில் ஓரிடத்திலாவது பயன்படுத்துங்கள்.

மிராசுதாரைப் பற்றி எழுதும்போதுதான் கவனம் வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கூட்டத்தில், தஞ்சை மாவட்ட மிராசுதார்கள் நாகசுவரத்துக்கும் தவிலுக்கும் எப்படிப் புரவலர்களாக இருந்தார்கள் என்று உருகிப் பேசினேன். பண்ணை வீட்டுக் கல்யாணத்தில் இரவு முழுதும் நடந்த ஊர்வலம், தோடி ராகத்தை நிறுத்தாமல் கேட்கத் தெரு முனையில் பந்தத்தோடு காத்திருந்த கூட்டம், தோடாவும் சால்வையும் என்று சொல்லிக்கொண்டே போனேன். முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, நீங்கள் சொன்ன அதே பண்ணையில்தான் என் அப்பா வேலை செய்தார். அந்தப் பண்ணையார் மேளக்காரருக்குப் புரவலர். எங்களுக்கு ஆண்டை’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோபம் இல்லை அவர் குரலில். அந்தப் பந்தத்தை ஏந்தி நின்றவர்களில் அவர் அப்பாவும் ஒருவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் பாதி.

‘ஆண்டை’ ஆளுதலிலிருந்து வந்த சொல். அதற்கு எதிரே நிற்பவர் பண்ணையாள். விதைக்கும் காலத்தில் கடன், கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடன், பொங்கலுக்கு வேட்டி, அறுவடையில் அளந்த நெல், மீறினால் சவுக்கு. உரோமின் பத்ரோனுஸுக்கு நம் மண்ணில் மிக நெருங்கிய சொல் எது என்று கேட்டால் புரவலர் என்று சொல்லமாட்டேன், ஆண்டை என்பேன். தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அரைப்படி நெல் கூடுதல் கூலியும் செங்கொடியும் அங்கே பின்னணி. மேளக்காரருக்கு அளந்த நெல்லும் பண்ணையாளுக்கு அளந்த நெல்லும் ஒரே களத்தில் தூற்றியவை. இந்த இரண்டையும் உங்கள் ஆங்கிலக் கட்டுரை ‘பேட்ரனேஜ்’ என்றே சொல்லக்கூடும், ஆங்கிலத்தில் அது பிழையும் ஆகாது. தமிழில் இரண்டுக்கும் ‘புரவலர்’ என்று எழுதினால் ஒரு கூட்டத்தாரின் நினைவை நாம் அழிக்கிறோம்.

இன்னும் சில சொற்களைத் தட்டில் வைக்கிறேன். ‘மானியம்’ முதலில் மதிப்புக்குரியது என்ற பொருளில் பிறந்து, ஊழியத்துக்காகக் கொடுத்த வரியில்லா நிலமாகி, இன்று உர மானியம் வரை வந்துவிட்டது. சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்த பிறகு நிலப்பொருள் மங்கிவிட்டது. ‘கட்டளை’ ஒரு குறிப்பிட்ட பூசைக்கோ அன்னதானத்துக்கோ வைத்த நிதி. ‘மண்டகப்படி’ திருவிழாவில் ஒரு நாளைத் தாங்கும் உரிமை, அதைச் சாதி சாதியாகப் பங்கிட்டதில் வழக்குகளும் உண்டு. ‘உபயம்’ நம் கோயில் குழல்விளக்கு ஒவ்வொன்றிலும் இருக்கிறது, வெளிச்சத்தின் குறுக்கே கொடுத்தவர் பெயர். ‘போஷகர்’ பழைய அழைப்பிதழ்ச் சொல், ஊட்டி வளர்ப்பவர். ‘நல்கை’ இன்றைய அரசும் பல்கலைக்கழகமும் தரும் நிதிக்குப் பொருந்தும். பணம் கொடுத்து விளம்பரம் பெறுபவரை ‘விளம்பரதாரர்’ என்றோ ‘வழங்குபவர்’ என்றோ சொல்லுங்கள்; அவருக்குப் புரவலர் பட்டம் வேண்டாம். அதே நேரத்தில் ஊர்ப்புற நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டியவர் பெயரைப் ‘புரவலர்’ பலகையில் எழுதுகிறார்களே, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஓய்வூதியத்தில் அந்த ஆயிரத்தை எடுத்து வைத்த பலரை எனக்குத் தெரியும். முகம் தெரிந்த பிள்ளைகள் படிப்பார்கள் என்றே கொடுத்தார்கள். பெருஞ்சித்திரனார் கேட்டதும் முகம் பார்த்துக் கொடுப்பதைத்தான்.

ஆகவே ஒரே சொல்லைத் தேடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துச் சொல்லை வையுங்கள். பொதுவாகப் பேசும் முன்னுரையிலும் முடிவுரையிலும் மட்டும் ‘புரத்தல்’ என்ற வினையைப் பயன்படுத்தலாம். ‘புரவலர்மை’ போன்ற புதுச் சொல்லைவிட அது மூச்சு முட்டாமல் நிற்கும். நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியம், மடங்களின் பேட்ரனேஜும் நிலவுடைமையாளரின் பேட்ரனேஜும் நாகசுவரக் குடும்பங்களைத் தாங்கின என்பது. அதை நான் இப்படி எழுதுவேன்: ‘மடங்கள் ஆதீன வித்துவான் பதவியும் மானியமும் தந்து புரந்தன, மிராசுதார்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அச்சாரம் கொடுத்து அழைத்தார்கள், நெல்லும் சன்மானமும் அளந்தார்கள், நாகசுவரக் குடும்பங்கள் இந்த இரண்டையும் நம்பி வாழ்ந்தன.’ ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் மூன்று. கட்டுரையில் அடுத்து பண்ணையாட்கள் வரும் பத்தி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ‘ஆண்டை’ என்ற சொல்லைத் தயங்காமல் வையுங்கள்.